திருகின் மேல் வைத்த கை

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: நான் ஒரு முட்டாள். அதிலும் சாதாரண முட்டாள் இல்லை. ரேடியோ பாடியதைக் கேட்டுத் தலைமுடி வளர்க்கப் பார்த்த முட்டாள். பிறகு அந்த வெட்கத்தில், ரேடியோ விளம்பரத்தில் வரும் எதையும் இனி நம்புவதில்லை என்று சபதம் எடுத்த முட்டாள். இரண்டில் எது பெரிய முட்டாள்தனம் என்று கேட்டால் இரண்டாவதுதான். முதலாவதில் போனது என் முடி மட்டும்.

இப்போது வீட்டுக்கு வீடு டி.வி. வந்துவிட்டது. விளம்பரம் பிள்ளைகள் மனசைக் கெடுக்கிறது, அதிலிருந்து தப்பிக்க என்ன வழி என்று எங்கள் வீட்டில் பேச்சு எழுந்தால் எல்லோரும் என் பக்கம் திரும்புகிறார்கள். ஒரு காலத்தில் நான் இதில் பெரிய நிபுணன் என்று குடும்பத்தில் ஒரு கதை உலவுகிறது. சிரித்துக்கொண்டு எழுந்து போய்விடுவேன். அந்த நிபுணத்தனத்தின் மிச்சக் கதையை யாருக்கும் சொன்னதில்லை.

ஐம்பதுகளின் பின்பாதி. மாநிலத்தைப் பிரித்ததில், நாங்கள் இருந்த இடத்திலேயே கேரளத்துக்காரர்கள் ஆகிவிட்டிருந்தோம். வாளையாரிலிருந்து பாலக்காட்டுக்குப் போகும் ரோட்டோரத்தில் எங்கள் அத்தா மிளகாய் மண்டி வைத்திருந்தார். முன்னால் கடை, நடுவில் வத்தல் மூட்டை அடுக்கும் கிட்டங்கி, பின்னால் வீடு. கடைக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரு பச்சைத் திரை. கோயமுத்தூர்ப் பக்கமிருந்து லாரியில் வத்தல் வரும். எங்களிடமிருந்து மேற்கே மலையாளத்துக் கடைகளுக்குப் போகும்.

மிளகாய் மண்டிக்காரர்களுக்கு இருமல் ஒரு நோயே இல்லை. கடைக்குள் கால் வைக்கிறவன் சலாம் சொல்வதற்கு முன்னால் இருமுவான். மூட்டை பிரித்தால் இருமல், மூட்டை தைத்தால் இருமல், விலை படியாவிட்டால் கொஞ்சம் கூடுதல் இருமல். பல வருஷம் ஒரே தூசியில் கிடந்தால் ஆளுக்கொரு இருமல் அமைந்துவிடும். அத்தாவுடையது கோடித் துணியைக் கிழிப்பதுபோல் இரண்டே இரண்டு. என்னுடையது தும்மலில் தொடங்கி எங்கே முடியும் என்று எனக்கே தெரியாது. அண்ணனுடையது ஒரு நீள இழுப்பு, அப்புறம் மூன்று வெட்டு, கடைசியில் தொண்டையைச் செருமி ஒரு ‘ம்ஹும்’. அந்த ‘ம்ஹும்’ கேட்டதும் திரைக்குப் பின்னால் மதினி தேத்தண்ணிக்கு அடுப்பை மூட்டிவிடுவார்கள். முகத்தைப் பார்க்கவே வேண்டாம்.

அண்ணனுக்கு நாடகப் பித்து. கிட்டங்கியில் மூட்டைகளைச் சபையாக்கி வசனம் பேசுவான். ஒருநாள் ஒரு நாடகக் கம்பெனியோடு போகிறேன் என்றான். “வத்தல் வியாபாரி மகன் மூஞ்சியிலெ பவுடர் பூசறதா? அப்படிப் போறவன் திரும்ப வரவேண்டாம்” என்றார் அத்தா. அவன் கம்பெனிக்கும் போகவில்லை, கடையிலும் இருக்கவில்லை. சொந்தக்காரர் ஒருவர் கொழும்பில் வைத்திருந்த துணிக்கடைக்கு வேலைக்குப் போய்விட்டான். கல்யாணமாகி இரண்டு வருஷம். மதினியை அங்கே கூட்டிக்கொள்ளக் காகிதம் எதுவும் சரியாகவில்லை. மதினிக்கு மட்டும் கடிதம் வரும். கடையில் அவன் பேச்சை எடுக்கக்கூடாது என்பது அத்தாவின் சட்டம். நாங்களும் எடுக்கவில்லை.

அவன் போன பிறகு கடைக்கு ரேடியோ வந்தது. பெரிய பாட்டரி வைத்தது. ஓட்டின் மேலிருந்து தென்னை மரத்துக்குக் கம்பி இழுத்துக் கட்டியிருந்தேன். விலை நிலவரம் கேட்கத்தான் என்று சொல்லி அத்தாவைச் சம்மதிக்க வைத்தேன். விலை நிலவரத்துக்குப் பத்து நிமிஷம், மீதிப் பொழுதெல்லாம் கொழும்பிலிருந்து வரும் சினிமாப் பாட்டு. பாட்டுக்குப் பாட்டு நடுவே விளம்பரம்.

அந்த விளம்பரத்தில் ஒன்றுதான் என் தலையில் ஏறியது. ஏறியது என்றால் நிஜமாகவே தலையில். இருபத்தாறு வயதில் எனக்கு முன்மண்டை வழுக்கையாகத் தொடங்கியிருந்தது. ஒரு பெண் குரல் தினமும் என்னைப் பார்த்தே பாடுவதுபோல் ஒரு கூந்தல் தைலத்தைப் பற்றிப் பாடியது. மூன்று பாட்டில் தீர்வதற்குள் கருகருவென்று வந்துவிடுமாம். லாரிக்காரர் ஒருவரிடம் சொல்லி மூன்றையும் ஒன்றாக வாங்கினேன். தைலத்தில் என்ன தித்திப்பு இருந்ததோ, முதல் நாள் காலையில் தலையணை முழுக்க எறும்பு. மூன்றாம் நாள், சூரிய வெப்பம் பட்டால் வேர் சீக்கிரம் பிடிக்கும் என்று நானாகவே ஆராய்ந்து, எண்ணெய் வழியும் தலையோடு வத்தல் காயப்போட்ட களத்தில் போய் நின்றேன். காற்று அடித்தது. மிளகாய்த் தூள் அத்தனையும் வந்து மண்டையில் அப்பிக்கொண்டது. நான் களத்தை எத்தனை சுற்றுச் சுற்றி ஓடினேன், மாட்டுத் தொட்டியில் எத்தனை முறை தலையை விட்டேன் என்பதெல்லாம் அக்கம்பக்கத்தில் வெகு நாள் பேசப்பட்டது. இருந்த முடியிலும் பாதி அந்தத் தொட்டியில் மிதந்தது.

மதினி திரைக்குப் பின்னால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். “ஏனுங்க தம்பி, தலைக்கு ஊறுகாய் போட்டாப்பல இருக்குதே. இன்னும் கொஞ்சம் உப்புப் போடட்டுங்களா?”

அன்றைக்குத்தான் அந்தச் சபதம். இனி ஒரு விளம்பரமும் என் காதைத் தாண்டி உள்ளே போகக்கூடாது. பாட்டு முடியும் இழுப்பிலேயே எனக்குத் தெரிந்துவிடும். எந்த வேலையில் இருந்தாலும் தாவி வந்து சத்தத் திருகை இடதுபக்கம் திருப்பிவிடுவேன். நிமிஷக் கணக்கு மனசுக்குள் ஓடும். சரியாக அடுத்த பாட்டு தொடங்கும்போது வலதுபக்கம். கைவேலையாக இருந்தால் அடுக்கிய மூட்டைகளை உரக்க எண்ணுவேன், விளம்பரம் காதில் விழாமல் இருக்க. வந்து போகிற லாரிக்காரர்களுக்கெல்லாம் உபதேசம் வேறு. “அதிலெ வர்ற சிரிப்பும் பொய்யி, அழுகையும் பொய்யி. காசு வாங்கிட்டுச் சிரிக்கிறான், காசு வாங்கிட்டு அழறான். நம்பாதீங்க.” மதினி எனக்கு மொட்டை உபதேசியார் என்று பேர் வைத்தார்கள். “தலையிலெ முடி போனாத்தான் உள்ளே வெளிச்சம் வருமாக்கும்” என்பார்கள். பெருமையாகத்தான் இருந்தது.

நோன்புப் பெருநாள் கழிந்து சில நாளில் மதினி திரையை ஒட்டி நின்று கேட்டார்கள்.

“தம்பி, நாலு மணிப் பாட்டுக்கு நடுவுல ஒரு இருமல் மருந்து வருதல்லங்க? அதெ மட்டும் குறைக்காதீங்க.”

“ஏன் மதினி, உங்களையும் பிடிச்சுடுச்சா?”

“சும்மா கேக்கத்தானுங்க.”

“சும்மா கேக்கத்தான் நானும் கேட்டேன். என் தலையெப் பாருங்க.”

அவர்கள் சிரிக்கவில்லை. அதையாவது நான் கவனித்திருக்க வேண்டும். அத்தா கல்லாவில் உட்கார்ந்திருந்தார். அவர் காதில் விழ அண்ணன் பேரை எடுக்க முடியாது என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. நாலு மணி வந்தது. திருகினேன். மறுநாளும் திருகினேன். திரை ஓரத்தில் நாலு விரல் தெரியும். நான் திருகியதும் அந்த விரல்கள் உள்ளே போய்விடும். ஒரு நல்ல மனுஷியை விளம்பரத்தின் வாயிலிருந்து காப்பாற்றுகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இப்படியே ஹஜ்ஜுப் பெருநாள் வரைக்கும். இரண்டு மாசத்துக்கு மேல்.

பெருநாளுக்கு இரண்டு நாள் முன்பு கடையில் நல்ல கூட்டம் ஓய்ந்த நேரம். நான் இரண்டு கையிலும் மூட்டையைத் தூக்கிக்கொண்டு கிட்டங்கிப் படியில் நின்றேன். பாட்டு முடிந்தது. மூட்டையைப் போட்டுவிட்டுத் தாவ நினைத்தேன், அதற்குள் எனக்குத் தும்மல் வந்துவிட்டது. ரேடியோ முழுச் சத்தத்தில் இருமியது. ஒரு நீள இழுப்பு. மூன்று வெட்டு. ‘ம்ஹும்.’

அத்தா தராசிலிருந்து கையை எடுத்தார். ரேடியோவைப் பார்க்கவில்லை. ரோட்டுப் பக்க வாசலைப் பார்த்தார்.

“வந்துட்டானா?” என்றார்.

வாசலில் யாரும் இல்லை. வெயில்தான் கிடந்தது. ரேடியோவில் அண்ணன் குரல், “அய்யோ, இந்த இருமல் என்னை உறங்க விடலையே!” என்றது. அப்புறம் கொழுத்த குரல் ஒன்று மருந்தின் பேரைச் சொல்லி, இரண்டே கரண்டியில் குணம் என்றது. கடைசியில், “ஆஹா, இப்போ சுகமாச்சு!” என்று ஒரு ஆனந்தக் கூவல். பாட்டு தொடங்கிவிட்டது.

அத்தா வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். மதினி திரையை விலக்கிக்கொண்டு கடைக்குள்ளேயே வந்துவிட்டார்கள். அதற்கு முன்பு அப்படி வந்ததில்லை.

“அவருதானுங்க மாமா. கடுதாசிலெ எழுதியிருந்தாரு, ரேடியோவுல பேசப்போறேன்னு. தைரியமில்லாமெ சொல்லாம இருந்துட்டேன்.”

அத்தா துண்டால் முகத்தைத் துடைத்தார். மிளகாய்க் கண் என்று யாரும் சொல்லிக்கொள்ளலாம், எங்கள் கடையில் அது ஒரு வசதி. பிறகு, “கழுதை… நல்லாத்தானே நடிக்கிறான்” என்றார். அவர் அண்ணனைப் பற்றி அப்படி ஒரு வார்த்தை சொல்லிக் கேட்டதே இல்லை.

“நடிப்பு இல்லீங்க மாமா” என்றார்கள் மதினி. “அங்கெ துணிக்கடையிலெ வேலை. மிளகாயே கிடையாது. இவ்வளவு இருமல் எங்கிருந்து வருது? இங்கெ இருமறப்போ தொண்டையிலிருந்து வரும். இது அடியிலிருந்து வருது. யாராச்சும் ஒருக்காப் போயிப் பாத்துட்டு வரணுமுங்க.”

அத்தா என்னைப் பார்த்தார். நிபுணன் நான்தானே! ரேடியோவின் பொய்களையெல்லாம் கரைத்துக் குடித்தவன்.

“மதினி, விளம்பரத்திலெ வர்றதெ நம்பலாமா?” என்றேன். “காசு வாங்கிட்டு இருமறான். கடைசியிலெ எவ்வளவு தெம்பா ‘சுகமாச்சு’ன்னான், கேட்டீங்கல்ல?”

“‘சுகமாச்சு’ன்னு சொன்னது வேற ஆளுங்க தம்பி.”

“அதெல்லாம் அவனேதான். குரலெ மாத்திப் பேசுவான். கிட்டங்கியிலெ எத்தனை குரல் பேசியிருக்கான்!”

இரண்டு மாசம் நாள் தவறாமல் திருகிக் குறைத்தவன் நான். அந்த விளம்பரக் குரலைக் கேட்டுப் பழகாதவன். திரை ஓரத்தில் நின்று குறைந்த சத்தத்தின் அடியிலும் காதைத் தீட்டிக்கொண்டிருந்தவர்கள் சொன்னதை, எனக்குத் தெரியும் என்று தள்ளிவிட்டேன். அத்தாவுக்கு நான் சொன்னதுதான் இதமாக இருந்தது. தலையை ஆட்டினார்.

அன்றிலிருந்து நாலு மணிக்குக் கடை நாடகக் கொட்டகையாகிவிட்டது. கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துக் கவுண்டர் ஒருவர் வத்தல் வாங்க வருகிறவர், நேரம் பார்த்து வண்டியை நிறுத்துவார். “ஏனுங் ராவுத்தரே, உங்க மூத்தவரு இருமிட்டாரா, இனிமேத்தானுங்களா?” என்று கேட்டபடியே உள்ளே வருவார். அத்தா, “உக்காருங்க, இன்னும் ஒரு பாட்டு இருக்குது” என்று பெஞ்சியைத் தட்டிவிடுவார். இருமல் முடிந்ததும், “அடேயப்பா, என்ன இருமல்!” என்று கவுண்டர் மெச்சுவார். நான் மெனக்கெட்டுத் திருகை வலதுபக்கம் கடைசி வரைக்கும் திருப்பி வைப்பேன். எந்த விளம்பரத்துக்கும் இல்லாத மரியாதை. மதினி மட்டும் அந்த நேரத்தில் ஒரு வார்த்தை பேசாமல் கேட்பார்கள். கேட்டு முடித்துவிட்டு என்னிடம் மறுபடி வருவார்கள்.

“தம்பி, தனுஷ்கோடி போயிக் கப்பல் ஏறினா அடுத்த நா கொழும்புன்னு சொல்றாங்களே.”

“காகிதமெல்லாம் வாங்கணுமே மதினி.”

“வாங்குங்க.”

“வத்தல் வர்ற காலம். இது முடியட்டும்.”

மூன்று தடவை கேட்டார்கள். மூன்று தடவையும் இதேதான் சொன்னேன். மூன்றாவது தடவை, “சரி, ஒரு கடுதாசியாவது போடுங்க. என் கடுதாசிக்கு ஒண்ணுமில்லே ஒண்ணுமில்லேன்னுதான் எழுதறாரு. நீங்க கேட்டா நெசத்தெச் சொல்லுவாரு” என்றார்கள். அதை மட்டும் செய்தேன். செய்யாமல் இருந்திருக்கலாம். என் புத்தி கோமாளிப் புத்தி. நல்லா இருக்கியா என்று ஒரு வரி கேட்டுவிட்டு, மீதியெல்லாம் கேலி எழுதினேன். ‘அண்ணே, நீ இருமினால் இங்கே ஊரே கைதட்டுகிறது. அத்தாவுக்குக் கொஞ்சம் காது மந்தமாகி வருகிறது. அதனால் இன்னும் சற்றுப் பலமாக இரும வேண்டுகிறேன்.’

அதற்குப் பதில் வரவில்லை. தபாலில் தாமதம் என்றேன்.

தந்தி ஒரு முற்பகலில் வந்தது. நான்தான் படித்தேன். இங்கிலீஷில் நாலு வார்த்தை. அதில் ஒன்று என் எழுத்துக்கூட்டும் இங்கிலீஷுக்குக்கூடத் தெரிந்த வார்த்தை. அடக்கம் அங்கேயே முடிந்துவிட்டது. கடிதம் பிறகு வந்தது, துணிக்கடையில் கூட வேலை பார்த்தவர் எழுதியது. நெஞ்சுச் சளி வெகு நாளாகவே இருந்ததாம், ஊருக்கு எழுத வேண்டாம் என்று தடுத்தானாம். கடைக்கு வந்த யாரோ அவன் இருமுவதைக் கேட்டுவிட்டு, இப்படித்தான் வேண்டும் என்று விளம்பரம் பதியக் கூட்டிக்கொண்டு போனார்களாம். அவனுக்கு ரொம்ப சந்தோஷம், நாடகத்தில் சேர்ந்த மாதிரி. இருமல் ஒரே தடவையில் பதிந்துவிட்டது. ‘சுகமாச்சு’ என்பதைத்தான் பல தடவை முயன்றும் நடுவில் இருமாமல் சொல்ல அவனால் முடியவில்லை. அதனால் வேறு ஒருவரை வைத்துச் சொல்ல வைத்தார்கள்.

அந்த வரிக்கு வந்ததும் வாசிப்பதை நிறுத்தினேன். திரைக்குப் பின்னாலிருந்து, “ம், வாசிங்க” என்றார்கள்.

கடைசியில் என் கடிதத்தைப் பற்றியும் இருந்தது. ஆஸ்பத்திரியில் அதைத் தலையணைக்கு அடியில் வைத்திருந்தானாம். பக்கத்துக் கட்டில்காரர்களுக்கெல்லாம் வாசித்துக் காட்டுவானாம். சிரிப்பு வரும், சிரித்தால் இருமல் வரும், பாதியில் மடித்து வைத்துவிடுவானாம். முழுக்க வாசித்துக் காட்டியதே இல்லையாம்.

அத்தா எழுந்து கிட்டங்கிக்குள் போனார். கோடித் துணி கிழிகிற அந்த இரண்டு இருமல் உள்ளேயிருந்து கேட்டது. நின்றது. மறுபடி கேட்டது.

ரேடியோவின் மேல் ஒரு வெள்ளைத் துணியைப் போட்டு மூடினோம். நாலு மணிக்குக் கவுண்டரின் வண்டி ரோட்டில் நிற்காமல் போகும். துக்கம் காக்க மதினி நாலு சுவருக்குள் இருந்தார்கள். திரை அசையாது. நான் மூட்டை எண்ணினேன். உரக்க எண்ணத் தேவையில்லாமல் இருந்தது, ஆனாலும் எண்ணினேன்.

நாற்பதாம் நாள் பாத்திஹா ஓதி முடிந்த மறுநாள், நாலு மணி நெருங்கும்போது அத்தா அஸர் தொழப் பள்ளிவாசலுக்குப் போயிருந்தார். கடையில் நான் மட்டும். திரைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

“தம்பி, ரேடியோவெ வைங்க.”

பாட்டுக் கேட்க ஆசைப்படுகிறார்கள் போல, மனசு கொஞ்சம் ஆறட்டும் என்று நினைத்தேன். பாருங்கள், அத்தனைக்குப் பிறகும் என் புத்தி அவ்வளவுதான். துணியை எடுத்தேன். ரேடியோவைப் போட்டதும் உள்ளே விளக்குச் சூடேறி மஞ்சளாக வந்தது. ஒரு பாட்டு ஓடியது. அது முடிகிற இழுப்பு எனக்குத் தெரியும். ஆள்தான் போயிருந்தான். பதிந்து வைத்த தட்டு அங்கே சுற்றிக்கொண்டுதானே இருக்கும்? அதை அதுவரை நான் நினைத்தே பார்க்கவில்லை.

ஒரு நீள இழுப்பு.

என் கை தானாகப் போய்த் திருகின் மேல் உட்கார்ந்துவிட்டது. பழகிய கை. இந்தத் தடவையாவது ஒரு நல்ல காரியத்துக்குப் போகிறோம் என்று அது நினைத்திருக்கும். திரை ஓரத்தில் நாலு விரல் தெரிந்தன.

“குறைச்சிடட்டுங்களா, மதினி?” என்றேன்.

“கையெ எடுங்க.”